ஆர்ச்டாப் கிட்டாரைப் பூட்டி வைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழம்பொருள்களில் பணம் போடுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கைக்கடிகாரம், பழைய கார், தபால்தலை என்று போன வரிசையில் 1950களின் ஆர்ச்டாப் எலக்ட்ரிக் கிட்டாரும் இருந்தது. வாங்கினால் பெட்டியைத் திறக்காமல் அப்படியே பூட்டி வையுங்கள், வாசித்தால் மதிப்பு குறைந்துவிடும் என்று ஓர் ஆலோசனை. அதே பத்தியில் போகிற போக்கில், ஜாஸ் என்றால் மனதில் தோன்றியதை வாசிப்பதுதானே, அதற்கு எந்தக் கிட்டாரும் போதும் என்று இன்னொரு வரி. இந்த இரண்டுக்காகவும்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சுருக்கி வெளியிடுவது உங்கள் உரிமை. ஆனால் பூட்டி வைப்பது பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள், ஏனென்றால் அந்த ஆலோசனையை நம்பி யாராவது ஒரு நல்ல வாத்தியத்தைப் பாழாக்கிவிடுவார்கள்.

நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில். பகலில் வேலை, மாலையில் ஜாஸ் கிட்டார். இங்கிருந்து மேற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் போனால் கலமசூ என்ற ஊர். 1902இல் கிப்சன் கம்பெனி தொடங்கியது அங்கேதான். நீங்கள் படம் போட்டிருந்த மாதிரிக் கிட்டார்கள் பிறந்தது அந்த ஊரின் பார்சன்ஸ் தெருத் தொழிற்சாலையில். 1984இல் கிப்சன் அங்கிருந்து முழுதாகக் கிளம்பி டென்னஸிக்குப் போய்விட்டது, ஊரை விட்டுப் போக மனமில்லாத சில பழைய தொழிலாளர்கள் அடுத்த வருடமே ஹெரிடேஜ் என்ற பெயரில் அதே கட்டடத்தில் கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். டெட்ராய்ட்டும் இந்த விஷயத்தில் சாதாரண ஊர் இல்லை. ஜாஸ் கிட்டார்காரர் கென்னி பர்ரல் 1931இல் பிறந்தது இங்கே. 1934இல் திறந்த பேக்கர்ஸ் கீபோர்டு லவுஞ்ச் என்ற ஜாஸ் கிளப் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இந்தக் கிட்டாரை அலமாரிச் சாமானாகப் பேசினால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, அதை மறைக்கவும் விரும்பவில்லை.

முதலில் இந்தக் கிட்டார் எதற்காக உருவானது என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகை தட்டை, நடுவில் வட்டத் துளை. ஆர்ச்டாப்பில் மேல்பலகை வயலினைப் போல வளைந்திருக்கும், வட்டத் துளைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளைகள். கம்பிகள் பலகையில் ஒட்டாத ஒரு பிரிட்ஜின் மேல் ஏறி, கிட்டாரின் அடிப்பக்கத்தில் மாட்டியிருக்கும் டெயில்பீஸில் போய் நிற்கும். கம்பியின் இழுவிசை பிரிட்ஜைக் கீழ்நோக்கி அழுத்துவதால் ஓசை சட்டென்று வெளியே பாயும், சட்டென்று அடங்கியும் விடும். 1922இல் கிப்சனில் லாய்ட் லோர் என்பவரின் மேற்பார்வையில் வந்த எல்-5 தான் எஃப் துளை ஆர்ச்டாப்புகளுக்கெல்லாம் முன்னோடி. டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் முழங்குகிற ஒரு நடன இசைக்குழுவில் கிட்டார்காரரும் கேட்க வேண்டும் என்பதுதான் தேவை. கவுண்ட் பேஸியின் குழுவில் ஃப்ரெட்டி கிரீன் 1937இல் சேர்ந்து 1987இல் சாகும் வரை அப்படித்தான் வாசித்தார், பார் என்ற ஒவ்வொரு தாள அளவுக்கும் நான்கு அடி, ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப் கிடையாது. அவர் வாசிப்பதைத் தனியாகக் கேட்பது கடினம், ஆனால் அவர் இல்லையென்றால் முழுக் குழுவும் தளர்ந்து போயிருக்கும்.

தாளம் பிடிக்க அது போதும். சோலோ வாசிக்கப் போதாது. ஒரு கிட்டார்காரர் ஒற்றைக் கம்பியில் ஒரு வரி வாசித்தால் பக்கத்தில் இருக்கிற சாக்ஸபோன் அதை விழுங்கிவிடும். 1936இல் கிப்சன் வெளியிட்ட இஎஸ்-150 அந்தக் குறையைத் தீர்த்தது. கிட்டாரும் ஆம்ப்பும் ஒயரும் சேர்த்து ஏறக்குறைய 150 டாலர். பலகைக்கு அடியில் இரண்டு நீளக் காந்தங்களை ஒளித்து வைத்து, கம்பிகளுக்குக் கீழே ஓர் இரும்புப் பட்டை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பிக்கப் பொருத்தியிருந்தார்கள். கம்பி அதிரும்போது பட்டையைச் சுற்றிய செப்புச் சுருளில் மின்னோட்டம் உண்டாகும், அதை வால்வு ஆம்ப் பெரிதாக்கும். பார்த்தால் எளிய ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பிக்கப்புக்கு இன்றும் ஒரு மனிதரின் பெயரைச் சொல்லித்தான் உலகம் முழுவதும் விற்கிறார்கள்.

சார்லி கிறிஸ்டியன். 1916இல் டெக்சாஸில் பிறந்து ஓக்லஹோமா சிட்டியின் ஏழைக் கறுப்பர் குடியிருப்பில் வளர்ந்தவர். 1939 ஆகஸ்டில் ஜான் ஹாமண்ட் என்ற இசைப்பதிவுத் தயாரிப்பாளர் இவரைக் கலிபோர்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், கிளாரினெட் வாசிக்கும் இசைக்குழுத் தலைவர் பென்னி குட்மன் முன்னால் நிறுத்தினார். குட்மனுக்கு ஆரம்பத்தில் பெரிய ஆர்வமில்லை, எலக்ட்ரிக் கிட்டார் என்பதே பலருக்கு வேடிக்கைப் பொருளாக இருந்த காலம் அது. அன்றிரவு மேடையில் ரோஸ் ரூம் என்ற பழைய பாட்டைத் தொடங்கினார்கள். இவருக்கு அது தெரியாது என்று நினைத்து எடுத்ததாகச் சொல்வார்கள். கிறிஸ்டியன் சுற்றுக்குப் பின் சுற்றாக வாசித்துக்கொண்டே போக, ஒரு பாட்டு முக்கால் மணி நேரத்துக்கு நீண்டது என்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது மூன்று வருடம் கூட இல்லை. 1942 மார்ச்சில் காசநோயால் இறந்தபோது வயது 25. அந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்தது என்னவென்றால், கிட்டாரை ஓர் ஊதுகுழல்காரர் போல வாசித்ததுதான். மூச்செடுக்கும் இடம் தெரிகிற நீண்ட வரிகள், பார் கோட்டைத் தாண்டிப் போய் விழுகிற அழுத்தங்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் மின்டன்ஸ் ப்ளேஹவுஸ் என்ற கிளப்பில் பின்னிரவில் நடந்த கச்சேரிகளை 1941இல் ஒரு கல்லூரி மாணவர் கையில் எடுத்துப் போன கருவியில் பதிவு செய்து வைத்ததால், இன்றும் நாம் கேட்க முடிகிறது. ஒலித்தரம் மோசம், பேச்சுச் சத்தமும் உண்டு. ஆனாலும் கிட்டார் கற்பவர்கள் வேறு எதையும் கேட்பதற்கு முன் அதைக் கேட்க வேண்டும் என்பேன்.

இப்போது உங்கள் கட்டுரையில் படமாக வந்த இஎஸ்-175க்கு வருகிறேன். 1949இல் வந்தது, அப்போது விலை 175 டாலர். கட்டுரையில் "அரிய மரத்தில் கையால் செதுக்கப்பட்டது" என்று இருந்தது. அப்படி இல்லை. அதன் மேல்பலகை மேப்பிள் அடுக்குகளை ஒட்டி அச்சில் அழுத்தி வளைத்தது, சொல்லப்போனால் பிளைவுட். செதுக்கிய ஸ்ப்ரூஸ் பலகை உள்ளவை எல்-5 மாதிரி விலை உயர்ந்தவை. 175 உழைக்கிற இசைக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட மலிவான கிட்டார், அதனால்தான் அவ்வளவு பேர் கையில் இருந்தது. ஒட்டுப்பலகை என்பதில் குறைவும் இல்லை. செதுக்கிய பலகை சுதந்திரமாக அதிரும், அதனால் ஆம்ப் சத்தத்தைத் தானே பிடித்துக்கொண்டு ஊளையிடத் தொடங்கும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த எவருக்கும் இந்த ஃபீட்பேக் தொல்லை தெரியும். ஒட்டுப்பலகை இறுக்கமானது, ஊளை குறைவு, ஓசையின் நடுப்பகுதி தடிமனாக வரும், உயர்ந்த கீச்சொலி கொஞ்சம் அடங்கியிருக்கும். நாம் இன்று "ஜாஸ் கிட்டார் சத்தம்" என்று அடையாளம் காண்பது பெருமளவுக்கு இந்த ஒட்டுப்பலகையின் சத்தம்தான்.

ஜிம் ஹால் வைத்திருந்தது ஒரே ஒரு பிக்கப் உள்ள 175, அதையும் இன்னொரு கிட்டார்காரரான ஹவர்ட் ராபர்ட்ஸிடமிருந்து பழையதாகத்தான் வாங்கினார். 1962இல் பியானோ வாசிக்கும் பில் எவன்ஸும் அவரும் இரண்டே பேராக, அடிஸ்வரம் வாசிக்கும் பாஸ் வாத்தியம் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தார்கள். மை ஃபன்னி வாலன்டைன் பாட்டில் எவன்ஸ் சோலோ வாசிக்கும்போது ஹால் நான்கு அடியாகக் கார்ட் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் வாசிப்பது) போட்டுக்கொண்டே போவார், அங்கே ஆம்ப் சத்தத்தோடு மரத்தின் உலர்ந்த சலசலப்பும் சேர்ந்து கேட்கும். ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். ஓர் ஆளே டிரம்ஸாகவும் இருக்கிறார். திடமான மரக்கட்டைக் கிட்டாரில் அந்தச் சத்தம் வராது. எந்தக் கிட்டாரும் போதும் என்ற வரிக்கு என் பதில் அதுதான். ஜோ பாஸ் என்ற கிட்டார்காரரின் கதை இன்னும் நேரடியானது. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்த காலத்தில் அவரிடம் சொந்தமாக நல்ல ஜாஸ் கிட்டார் இல்லை. அவர் வாசிப்பைக் கேட்ட ஒரு ரசிகர் 175 ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் அதை வாங்கித் தன் வீட்டில் பூட்டி வைத்திருந்தால் 1973இல் ஜோ பாஸ் தனியாக உட்கார்ந்து பதிவு செய்த அந்த வாசிப்பை, அடிஸ்வரமும் மெட்டும் கார்ட்டும் ஒரே ஆளாக, வேறு விதமாகத்தான் நாம் கேட்டிருப்போம்.

வெஸ் மான்ட்கோமரி வாசித்தது எல்-5. இண்டியானாபொலிஸ்காரர், பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப்பில் வாசிப்பு. சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு ஸ்வரமாக மனப்பாடம் செய்துதான் அவர் தொடங்கினார். பிளெக்ட்ரம் எனப்படும் மீட்டும் சில்லு இல்லாமல் கட்டைவிரலின் சதையால் மீட்டினார், வீட்டில் சத்தம் அதிகம் வராமல் இருக்க ஆரம்பித்த பழக்கம் என்று சொல்லப்படுகிறது. ஒரு ஸ்வரத்தையும் அதன் மேல் ஸ்தாயி ஸ்வரத்தையும் சேர்த்து ஒரே வீச்சில் வாசிப்பதை அவர் தன் முத்திரையாக ஆக்கிக்கொண்டார். கட்டைவிரல், தடித்த கம்பி, குடைந்த மரம் மூன்றும் சேர்ந்தால்தான் அந்தக் குரல்.

அடுத்து, தோன்றியதை வாசிப்பது என்ற பேச்சு. ஜாஸ் ஸ்டாண்டர்ட் என்று சொல்வதில் பெரும்பகுதி 1920களிலிருந்து 1950கள் வரை பிராட்வே மேடை நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதிய பாட்டுகள். ஜெரோம் கெர்ன், ஜார்ஜ் கெர்ஷ்வின், கோல் போர்ட்டர், ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் போன்றவர்கள் எழுதியவை, அப்புறம் டியூக் எலிங்டன், தெலோனியஸ் மங்க் போன்ற ஜாஸ்காரர்கள் தாங்களே எழுதியவை. பலவற்றுக்கு நீளம் 32 பார். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள், பிறகு அதே 32 பாரின் கார்ட் வரிசை சுற்றிச் சுற்றி ஓட ஒவ்வொருவராகப் புதிதாக மெட்டு கட்டுவார்கள். நம் கச்சேரியில் கல்பனாஸ்வரம் பாடுகிறவர் எவ்வளவு தூரம் போனாலும் எடுப்புக்குச் சரியாக வந்து விழ வேண்டும் அல்லவா, அந்தக் கட்டுப்பாடு இங்கேயும் உண்டு. கூடுதலாக, அடியில் ராகம் மாதிரி ஒரே ஸ்வர வரிசை இருக்காது, ஒவ்வொரு பாரிலும் கார்ட் மாறும், அந்த மாற்றம் நீங்கள் வாசிக்கிற ஒற்றை வரியிலேயே கேட்க வேண்டும். எந்த பாரில் இருக்கிறோம் என்பதை ஒரு கணம் தொலைத்தாலும் கூட வாசிக்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

கெர்ன் 1939இல் ஒரு நாடகத்துக்கு எழுதிய ஆல் தி திங்ஸ் யூ ஆர் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாடகம் தோல்வி, சில வாரங்களிலேயே நிறுத்திவிட்டார்கள். பாட்டு மட்டும் நின்றது, இன்று ஜாஸ் வாசிக்கிற எவரும் அதைத் தெரியாமல் இருக்க முடியாது. 32க்குப் பதில் 36 பார். ஏ ஃப்ளாட் மேஜரில் தொடங்கி சி, இ ஃப்ளாட், ஜி, இ என்று சுருதி மாறிக்கொண்டே போய்த் திரும்பி வரும். நான் கிட்டாரில் மிகவும் நேசிக்கிற ஓர் இடம் இதில் இருக்கிறது. மூன்றாம் பகுதி முடியும்போது மெட்டு ஜி ஷார்ப் ஸ்வரத்தில் வந்து நிற்கும். அப்போது அடியில் இருப்பது இ மேஜர் கார்ட். அடுத்து சி செவன், அதற்கடுத்து எஃப் மைனர். மேலே அதே ஸ்வரம் நிற்கிறது, பெயர் மட்டும் ஏ ஃப்ளாட் ஆகிவிடுகிறது. முதல் கம்பியில் நான்காம் ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) வைத்த விரலை அசைக்காமல் மற்ற விரல்களை மட்டும் கீழே நகர்த்திப் பாருங்கள். முதலில் அந்த ஸ்வரம் பிரகாசமாக இருக்கும், நடுவில் நெருடும், மூன்றாவதில் சோகமாகிப் பாட்டைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுபோய் விடும். எனக்கு இன்னும் அது அலுக்கவில்லை. இதைத் தோன்றியதை வாசிப்பது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆர்ச்டாப்பில் இந்த இடம் ஏன் அவ்வளவு நன்றாக வருகிறது என்றால், கார்ட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கும். ஜாஸில் ஆறு கம்பியையும் சேர்த்து அடிப்பது அபூர்வம். மூன்றாம் ஸ்வரம், ஏழாம் ஸ்வரம், வேண்டுமானால் மேலே ஒரு மெட்டு ஸ்வரம், அவ்வளவு போதும். அடிஸ்வரத்தை பாஸ்காரர் பார்த்துக்கொள்வார். ஸ்வரம் சீக்கிரம் அடங்கிவிடுவதால் அடுத்த கார்ட் வரும்போது பழையதின் மிச்சம் கலங்கிக் கிடக்காது. அதே காரணத்தால் சோலோவிலும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க முடியாது, வாக்கியம் வாக்கியமாகத்தான் பேச வேண்டியிருக்கும். கம்பி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஃப்ளாட்வூண்ட் எனப்படும் தட்டையான சுற்றுக் கம்பி, 12இல் (முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) தொடங்குவது, மூன்றாம் கம்பியும் சுற்று உள்ளதாக இருக்க வேண்டும். விரல் கொஞ்ச நாள் வலிக்கும், சரியாகிவிடும். நெக் (கிட்டாரின் கழுத்து) பக்கத்துப் பிக்கப், டோன் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் போதும். முழுக்கக் குறைத்து வைத்துக்கொண்டு அதுதான் ஜாஸ் சத்தம் என்று வாசிப்பவர்கள் நிறைய. பக்கத்தில் இருப்பவருக்கு அது போர்வைக்குள்ளிருந்து வருகிற சத்தமாகத்தான் கேட்கும்.

சரி, பூட்டி வைக்கும் விஷயம். இதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம். பழைய ஆர்ச்டாப்புகளில் பலகையில் கீறல் விழாமல் காக்கும் பிக்கார்ட் தகடு, ஓரப் பட்டை, சில சமயம் குமிழ்கள் எல்லாம் செல்லுலாய்டு. இந்தப் பிளாஸ்டிக் வயதானால் தானாகவே சிதையத் தொடங்கும், சிதையும்போது அமிலத்தன்மை உள்ள வாயு வெளிவரும். திறந்த காற்றில் அது கலைந்துவிடும். மூடிய பெட்டிக்குள் அது எங்கே போகும்? பிக்கப் மூடி, டெயில்பீஸ், கம்பி முடுக்கிகள், ஃப்ரெட் எல்லாவற்றையும் அரிக்கும், பச்சை பிடிக்கும், துரு ஏறும். தகடே நொறுங்கிப் பொடியாக உதிரும். 60, 70 வருடம் பழைய கிட்டாரை வருடக்கணக்கில் பெட்டியைத் திறக்காமல் வைப்பதுதான் இதற்கு மிகவும் வசதியான சூழ்நிலை. உங்கள் கட்டுரை செய்யச் சொன்னதும் இதைத்தான்.

அப்புறம் மரம். இங்கே மிச்சிகனில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று எலும்பு வரை உலர்ந்துவிடும், செதுக்கிய பலகை வெடிக்கும், ஒட்டிய இடங்கள் பிரியும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இதற்கு நேர் எதிர், மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், பசை இளகும், உலோகம் துருப்பிடிக்கும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. தினமும் கையில் எடுக்கிறவருக்கு இந்த மாற்றம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கம்பி உயரம் கூடியிருக்கும், நெக் வளைந்திருக்கும், ஏதோ ஒரு ஸ்வரம் வாசிக்கும்போது எங்கிருந்தோ ஓர் அதிர்வு கேட்கும், அது பிரிந்த ஒட்டின் சத்தம். அந்த நிலையில் வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால் கொஞ்சம் பசையும் கிளாம்ப்பும் போதும். பத்து வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதே பிளவு பலகை முழுவதும் ஓடியிருக்கும். வாசிக்க வாசிக்க மரம் பழுத்து நாதம் கூடும் என்று பலர் சொல்வதை நான் இங்கே வாதத்துக்கு எடுக்கவில்லை. பராமரிப்புக்காகவே வாசிக்க வேண்டும் என்கிறேன்.

வாசித்தால் தேயும் என்பது உண்மைதான். ஃப்ரெட் தேயும், மாற்றலாம். பூச்சு மங்கும், கைபட்ட இடம் வெளுக்கும். சேகரிப்பவர்கள் இதற்கு விலையைக் குறைப்பார்கள், அது அவர்கள் கணக்கு. நியூயார்க்கில் ஜான் டி'ஆஞ்சலிகோ என்ற கைவினைஞர், 1964இல் இறந்தவர், ஒவ்வொரு கிட்டாரையும் அதை வாசிக்கப்போகிறவரின் தேவை கேட்டுச் செய்துகொடுத்தார். அவர் வாழ்நாளில் செய்தது சுமார் ஆயிரத்து சொச்சம் மட்டுமே என்பதால் இன்று அவற்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும், வாசிக்கிறவர்களில் பெரும்பாலோரால் நெருங்கவே முடியாது. பணம் உள்ளவர்கள் வாங்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. வாங்கியதை ஒரு நல்ல கலைஞரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், பதிவுக்குக் கடன் கொடுங்கள். வயலின் உலகத்தில் பழைய இத்தாலிய வயலின்களை அறக்கட்டளைகளும் செல்வந்தர்களும் வாசிக்கிறவர்களுக்குக் கடனாகத் தருவது வெகு நாளாக நடக்கிற விஷயம். கிட்டாருக்கு அது இன்னும் பெரிய அளவில் வரவில்லை, வர வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, ஜாஸ் வாசிக்க லட்சக்கணக்கில் பணம் வேண்டும் போல என்று மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பிள்ளை நினைத்துவிடக் கூடாது. ஒட்டுப்பலகை ஆர்ச்டாப்புகள் புதிதாகவே ஆசிய நாடுகளில் தயாராகின்றன, 1970களின் ஜப்பானியக் கிட்டார்களில் மிக நல்லவை உண்டு. ஜார்ஜ் பென்சனே 1977இல் வந்த ஜப்பானிய ஐபனீஸ் மாடலுக்குத் தன் பெயரைக் கொடுத்தார். நல்ல கம்பி மாட்டி, பிரிட்ஜைச் சரியான இடத்தில் வைத்து, சின்ன ஆம்ப் ஒன்றில் சொருகினால் பாட்டு வரும். பழைய கிட்டாரில் எனக்குக் கிடைக்கிற சந்தோஷத்தை மறுக்க மாட்டேன், அந்தப் பிக்கப்பின் குரலுக்கு மயங்காமல் இருப்பது கடினம். ஆனால் பாட்டு தெரியாதவர் கையில் அது பேசாது.

தொடங்குகிறவர்கள் புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் அனுபவத்தில் சொல்வது. 1970களில் பாஸ்டனில் பெர்க்லி கல்லூரி மாணவர்கள் திருட்டுத்தனமாக நகலெடுத்து விற்ற ரியல் புக் என்ற ஜாஸ் பாட்டுத் தொகுப்புதான் உலகம் முழுவதும் பரவியது, 2004இல்தான் அதற்கு முறையான உரிமம் பெற்ற பதிப்பு வந்தது. பயனுள்ளது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பழைய பதிப்பில் கார்ட் தவறுகள் பல, மெட்டும் எலும்புக்கூடாகத்தான் இருக்கும். முதலில் பாடகர் ஒருவர் பாடிய பதிவைக் கேட்டு வரிகளோடு வாய்விட்டுப் பாடிப் பழகுங்கள். பிறகு கிட்டாரில் ஒற்றைக் கம்பியில் மெட்டு, பிறகு இரண்டு ஸ்வரக் கார்ட், அதற்குப் பிறகுதான் சோலோ. ஆட்டம் லீவ்ஸ் தொடங்குவதற்கு நல்ல பாட்டு, சுருதி அதிகம் தாவாது. ஒரு பாட்டோடு சில மாதம் இருங்கள். ஐம்பது பாட்டை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு நான்கு பேரோடு உட்கார்ந்தால் மூன்றாவது சுற்றிலேயே வெளிச்சமாகிவிடும்.

ஆசிரியர் அவர்களே, இசைக்கருவிகள் பற்றி எழுதும்போது அடுத்த முறை விற்பவரோடும் வாங்குபவரோடும் நிறுத்திக்கொள்ளாமல் வாசிக்கிறவர் ஒருவரையும், பழுது பார்க்கிறவர் ஒருவரையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பூட்டி வைக்கும் ஆலோசனைக்கு ஒரு சிறிய திருத்தம் போட்டால் இன்னும் நல்லது.

அது வருவதற்குள், வீட்டில் பழைய ஆர்ச்டாப் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இந்த வாரமே பெட்டியைத் திறந்து பாருங்கள். கற்பூரமும் காடியும் கலந்த மாதிரி காட்டமாக நெடி அடித்தாலோ, பிக்கார்ட் தகடு சுருங்கி வெடித்திருந்தாலோ, அதற்குப் பக்கத்து உலோகத்தில் பச்சை தெரிந்தாலோ, தகட்டைக் கழற்றிக் காற்றோட்டமான வேறு இடத்தில் வையுங்கள், அடுப்புக்கும் விளக்குக்கும் அருகே வேண்டாம், செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். பழைய கம்பிகளை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், பிரிட்ஜ் ஒட்டப்பட்டதில்லை, இடம் மாறிவிடும், அப்புறம் எந்த ஃப்ரெட்டிலும் சுருதி சேராது. ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஸ்வரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
டெட்ராய்ட்டிலிருந்து ஒரு வாசகர்